கட்டாய ராணுவச் சேவையை மீண்டும் கொண்டுவருமா ஜெர்மனி? 18 வயதினருக்கு வரும் வினாப்படிவமும் அதன் பின்னணியும்

புதுதில்லி: ஜெர்மனியில் 18 வயதை எட்டும் இளைஞர்களின் வீடுகளுக்கு இந்த ஆண்டு முதல் அரசிடமிருந்து ஒரு கடிதம் வரத் தொடங்கியுள்ளது. அதிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் இணையத்தில் ஒரு வினாப்படிவம் திறக்கும். உயரம், எடை, கல்வித் தகுதி, உடல்நிலை ஆகியவற்றுடன், ராணுவத்தில் பணியாற்ற விருப்பம் உண்டா என்பதும் அதில் கேட்கப்படுகிறது. பெண்கள் விரும்பினால் பதிலளிக்கலாம். ஆண்கள் பதிலளித்தே தீர வேண்டும், தவறினால் அபராதம்.

பார்ப்பதற்குச் சாதாரண அரசுப் படிவம்தான். ஆனால், 2011-ஆம் ஆண்டில் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்திவைத்த நாடு அதை மீண்டும் கொண்டுவரப் போகிறதா என்ற விவாதத்தின் மையப்புள்ளியாக இந்தப் படிவம் மாறியுள்ளது. இரண்டு உலகப் போர்களின் நினைவு அகலாத ஒரு சமூகத்தில், சீருடை அணியும்படி இளைஞர்களைக் கட்டாயப்படுத்தும் உரிமை அரசுக்கு உண்டா என்ற கேள்வி வேறு எந்த நாட்டையும்விடக் கனமானது.

புதிய சட்டம் சொல்வது என்ன?

ராணுவச் சேவையை நவீனப்படுத்தும் சட்ட மசோதா, 2025 டிசம்பர் 5-ஆம் தேதி ஜெர்மன் நாடாளுமன்றத்தின் கீழவையான பண்டஸ்டாக்கில் 323 வாக்குகள் ஆதரவுடன் நிறைவேறியது. 272 பேர் எதிர்த்து வாக்களித்தனர். மாநிலங்களின் பிரதிநிதித்துவ அவையான பண்டஸ்ராட்டும் அதே மாதத்தில் ஒப்புதல் அளித்ததைத் தொடர்ந்து, 2026 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டம் கட்டாய ராணுவச் சேவையை மீண்டும் கொண்டுவரவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். படிவத்தை நிரப்புவதும், அழைக்கப்பட்டால் உடற்தகுதிப் பரிசோதனைக்குச் செல்வதும்தான் ஆண்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. 2008-ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறந்த ஆண்களுக்கு இது பொருந்தும். 2027-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து, அந்தந்த ஆண்டில் 18 வயதாகும் ஆண்கள் அனைவரும் பரிசோதிக்கப்பட உள்ளனர். பரிசோதனையில் தேறியவரும் ராணுவத்தில் சேர வேண்டும் என்ற நிர்பந்தம் இப்போதைக்கு இல்லை.

சேர விரும்புவோரை ஈர்ப்பதற்குச் சலுகைகள் அறிவிக்கப்பட்டுள்ளன. குறைந்தபட்சச் சேவைக் காலம் 6 மாதங்கள். மாத ஊதியம், வரிப் பிடித்தத்துக்கு முன்பு, சுமார் 2,600 யூரோ. இந்திய மதிப்பில் ஏறத்தாழ 2.7 லட்சம் ரூபாய். ஓராண்டு அல்லது அதற்கு மேல் பணியாற்ற ஒப்புக்கொள்வோருக்கு ஓட்டுநர் உரிமம் பெறும் செலவிலும் அரசு பங்கேற்கும். நம் ஊரில் இது சிறு சலுகையாகத் தோன்றலாம். ஆனால் ஜெர்மனியில் பயிற்சி வகுப்புகளும் தேர்வுகளும் சேர்ந்து ஓட்டுநர் உரிமத்துக்குச் சில ஆயிரம் யூரோ செலவாகும் என்பதால், 18 வயது இளைஞருக்கு இது பெரிய விஷயம்.

சர்ச்சையின் வேர் சட்டத்தின் மற்றொரு பிரிவில் உள்ளது. தன்னார்வமாகச் சேருவோரின் எண்ணிக்கை போதாமல் போனாலோ பாதுகாப்புச் சூழல் மோசமடைந்தாலோ, ‘தேவைக்கேற்ற கட்டாயச் சேவை’ என்ற நடைமுறையை நாடாளுமன்றம் தனிச் சட்டத்தின் மூலம் கொண்டுவர முடியும். அது தானாக நடைமுறைக்கு வராது. மீண்டும் விவாதமும் வாக்கெடுப்பும் தேவை. எனினும், பெயர்ப் பட்டியலும் உடற்தகுதி விவரங்களும் முன்கூட்டியே தயாராக இருக்கும் நிலையில், அந்த இறுதி அடியை எடுத்துவைப்பது எளிதாகிவிடும் என்பதே எதிர்ப்பாளர்களின் வாதம். அந்த அடியை எடுக்க வேண்டிய தேவை வராமல் தடுப்பதற்குத்தான் இந்தச் சட்டம் என்று பாதுகாப்பு அமைச்சர் போரிஸ் பிஸ்டோரியஸ் தரப்பு கூறுகிறது.

நிறுத்தப்பட்டது, ரத்து செய்யப்படவில்லை

ஜெர்மனியின் கட்டாய ராணுவச் சேவைக்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. புரட்சிக்குப் பிந்தைய பிரான்ஸ் 1793-இல் மக்களைப் பெருமளவில் படையில் திரட்டியது. நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யா, அந்தப் பாடத்தைக் கற்று 1814-இல் பொதுக் கட்டாயச் சேவையைச் சட்டமாக்கியது. முதல் உலகப் போரின் தோல்விக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் அதைத் தடை செய்தது. அந்தத் தடையை மீறி 1935 மார்ச்சில் கட்டாயச் சேவையை மீண்டும் அறிவித்தவர் ஹிட்லர். அதன் பின் நேர்ந்ததை உலகம் அறியும்.

இத்தகைய கடந்த காலத்தைக் கொண்ட நாடு, இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்தே ஆண்டுகளில் மீண்டும் ராணுவத்தை அமைத்தது. 1955-இல் பண்டஸ்வேர் எனப்படும் மேற்கு ஜெர்மன் ராணுவம் பிறந்தது. 1956-இல் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் சற்று வியப்பூட்டுவது. கட்டாயச் சேவையை ஜனநாயகத்தின் முறையான வாரிசாகவே மேற்கு ஜெர்மனியின் முதல் அதிபர் தியோடர் ஹாய்ஸ் கருதினார். ஊதியத்துக்குப் பணியாற்றும் தனிப்படை, நாட்டுக்குள் இன்னொரு நாடாக வளர்ந்து ஆட்சியையே ஆட்டுவிக்கும் அபாயம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் சென்று திரும்பும் படையில் அது நடக்காது என்ற சிந்தனை அதன் பின்னால் இருந்தது. ‘சீருடை அணிந்த குடிமகன்’ என்ற கோட்பாடும் இதன் தொடர்ச்சியே. ராணுவத்தைக் கண்டு அஞ்சியதால்தான் அதற்குள் பொதுமக்களை அனுப்பினார்கள் என்று சொன்னாலும் தவறில்லை.

கிழக்கு ஜெர்மனி 1962-இல், பெர்லின் சுவர் எழுந்த மறு ஆண்டில், 18 மாதக் கட்டாயச் சேவையைக் கொண்டுவந்தது. மேற்கு ஜெர்மனியிலும் அந்தக் காலத்தில் சேவைக் காலம் 18 மாதங்களாக இருந்தது. பின்னர் 15, 12, 10, 9 எனக் குறைந்து, இறுதியில் 6 மாதங்களானது. நேச நாடுகளின் கட்டுப்பாட்டிலிருந்த மேற்கு பெர்லினில் வசித்தவர்களுக்குக் கட்டாயச் சேவை பொருந்தாது. இதனால் ராணுவத்துக்குச் செல்ல விரும்பாத இளைஞர்கள் பலர் மூட்டை முடிச்சுகளுடன் அந்நகரில் குடியேறினர். மேற்கு பெர்லினின் மாற்றுக் கலாசாரம் செழித்ததற்கு அவர்களும் ஒரு காரணம்.

பனிப்போர் காலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் வீரர்களைக் கொண்டிருந்த மேற்கு ஜெர்மன் ராணுவம், நாடு ஒன்றிணைந்த பிறகு படிப்படியாகச் சுருங்கியது. எல்லையில் எதிரி இல்லை. பணி பால்கன் பகுதிக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் மாறியது. 6 மாதப் பயிற்சி பெற்ற இளைஞரை அங்கெல்லாம் அனுப்ப முடியாது. ஒவ்வோர் ஆண்டும் 18 வயதை எட்டியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே இடம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரிக்குச் செல்ல, தான் மட்டும் ஏன் முகாமுக்குச் செல்ல வேண்டும் என்ற கேள்விக்கு அரசிடம் நேர்மையான பதில் இல்லாமல் போனது. சிக்கன நடவடிக்கையும் சேர்ந்துகொள்ள, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் கார்ல்-தியோடர் சூ குட்டன்பெர்க் முன்னின்று எடுத்த முடிவின்படி 2011 ஜூலை 1 முதல் கட்டாயச் சேவை நிறுத்திவைக்கப்பட்டது. அந்தத் தேதி வருவதற்குள், முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்தை எடுத்தாண்ட விவகாரத்தில் அவரே பதவி விலகியிருந்தார்.

அப்போது செய்யப்பட்ட ஒரு காரியம் இன்றைய விவாதத்துக்கு அடிப்படை. கட்டாயச் சேவையை அனுமதிக்கும் அரசியல் சாசனத்தின் 12ஏ பிரிவை யாரும் நீக்கவில்லை. சாதாரணச் சட்டத்தின் மூலம் நடைமுறையை மட்டும் நிறுத்திவைத்தனர். நாடு போர் அபாயத்தில் இருப்பதாக நாடாளுமன்றம் அறிவித்தால் கட்டாயச் சேவை மீண்டும் உயிர்பெறும் என்ற ஏற்பாடும் இருந்தது. கதவு மூடப்பட்டது, பூட்டப்படவில்லை.

இப்போது ஏன்?

உக்ரைன் மீது ரஷ்யா 2022 பிப்ரவரியில் முழு அளவிலான போரைத் தொடங்கிய மூன்றாம் நாள், காலத் திருப்பம் ஏற்பட்டுவிட்டதாக அப்போதைய பிரதமர் ஒலாஃப் ஷோல்ஸ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி ஒதுக்கப்பட்டது. 2025 மார்ச்சில், பாதுகாப்புச் செலவுக்காகக் கடன் வாங்குவதற்கான அரசியல் சாசன வரம்பும் தளர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.5 சதவீதத்தை நேரடிப் பாதுகாப்புக்கும் 1.5 சதவீதத்தை அது சார்ந்த பணிகளுக்கும் செலவிட உறுதியளித்தன.

ஆக, பணத்துக்குப் பஞ்சமில்லை. பீரங்கி வண்டிகளுக்கும் போர் விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று. அவற்றை இயக்க ஆட்கள்தான் இல்லை.

2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மன் ராணுவத்தில் சுமார் 1.81 லட்சம் பேர் பணியாற்றினர். 2035-க்குள் இதை 2.6 லட்சமாக உயர்த்தவும், அழைத்தால் வரக்கூடிய ரிசர்வ் வீரர்களின் எண்ணிக்கையை 2 லட்சமாக்கவும் அரசு இலக்கு நிர்ணயித்துள்ளது. ராணுவ விவகாரங்களுக்கான நாடாளுமன்ற ஆணையரின் 2025 அறிக்கை கவலைக்குரிய ஒரு நிலையைச் சுட்டிக்காட்டியது. படையினரின் சராசரி வயது 34-ஆக உயர்ந்துள்ளது. 2023-இல் சேர்ந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பாதியிலேயே வெளியேறிவிட்டனர். மக்கள்தொகை மூப்படைந்துவரும் நாட்டில், ஆலைகளும் மருத்துவமனைகளும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அதே இளைஞர்களுக்காகத்தான் போட்டியிடுகின்றன.

இதற்கிடையே லிதுவேனியாவில் ஒரு படைப்பிரிவை நிரந்தரமாக நிறுத்தவும் ஜெர்மனி வாக்குறுதி அளித்துள்ளது. 2025 மே மாதம் வில்னியஸ் நகரில் நடந்த தொடக்க விழாவில் பிரதமர் ஃபிரெட்ரிக் மெர்ஸ் பங்கேற்றார். 2027-ஆம் ஆண்டின் இறுதிக்குள் அங்கு ஏறத்தாழ 5,000 பேர் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையைக் காட்டிலும், நெருக்கடி ஏற்பட்டால் அவர்களுக்குப் பின்னால் அனுப்ப யார் இருக்கிறார்கள் என்பதே ராணுவத் திட்டமிடுவோரின் கவலை. உக்ரைன் போர் உணர்த்திய பாடம் இதுதான்: முதல் சில மாதங்களில் தொழில்முறைப் படை இழப்பைச் சந்திக்கும், அதன் பின் போரைத் தாங்குவது ரிசர்வ் வீரர்கள். தன்னார்வப் படை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அதிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறுவோர் குறைவு. எனவே ரிசர்வ் பட்டியலும் சிறியதாகவே இருக்கும். கட்டாயச் சேவையை ஆதரிப்போரின் வலுவான வாதம் இதுவே.

அழைத்தால் எங்கே தங்கவைப்பது?

கட்டாயச் சேவையை நாளையே கொண்டுவர நாடாளுமன்றம் முடிவெடுத்தாலும், ஜெர்மனியால் அதை நடத்த இயலாது. இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் அம்சம் இது.

2011-க்குப் பின் வந்த ஆண்டுகளில், ஆள்சேர்ப்பைக் கவனித்த மாவட்ட அலுவலகங்கள் மூடப்பட்டன. உடற்தகுதியைப் பரிசோதித்த மருத்துவர்கள் வேறு பணிகளுக்குச் சென்றனர். படைமுகாம்கள் பல விற்கப்பட்டு, குடியிருப்புகளாகவும் பல்கலைக்கழக வளாகங்களாகவும் அகதிகள் தங்குமிடங்களாகவும் மாறின. 18 வயதானவர்கள் யார், அவர்களின் உடல்நிலை என்ன என்ற பட்டியல்கூட ராணுவத்திடம் இல்லை. இப்போது அனுப்பப்படும் வினாப்படிவத்தின் உண்மையான நோக்கங்களுள் ஒன்று, அழிந்துபோன அந்தப் பதிவேட்டை மீண்டும் உருவாக்குவதே.

பயிற்சியாளர்கள் பற்றிய சிக்கல் இன்னும் ஆழமானது. புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்க அனுபவமிக்க வீரர்கள் தேவை. அவர்களை லிதுவேனியாவுக்கு அனுப்புவதா, பயிற்சி முகாமுக்கு அனுப்புவதா? ஆண்டுதோறும் 18 வயதை எட்டும் ஜெர்மன் ஆண்கள் மட்டுமே ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்கள் அனைவரையும் அழைத்தால், இருக்கும் ராணுவம் முழுவதும் பள்ளி ஆசிரியர் வேலை பார்க்க வேண்டியிருக்கும். எனவே, ஜெர்மனியில் இன்று யாரும் பழைய முறையில் எல்லோரையும் அழைப்பது பற்றிப் பேசுவதில்லை. சிலரை மட்டும் அழைப்பது என்றால், யாரை அழைப்பது என்ற கேள்வி எழுகிறது. 2011-இல் இந்த முறையை வீழ்த்திய அதே கேள்வி.

குலுக்கலா, தகுதியா, இருபாலருமா?

2025 அக்டோபரில் ஆளும் கூட்டணியே இந்தக் கேள்வியில் பிளவுபட்டது. பரிசோதனைக்கு யாரை அழைப்பது, தேவைப்பட்டால் யாரைச் சேவைக்கு அனுப்புவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யலாம் என்ற யோசனையை இரு கட்சிகளின் பேச்சுவார்த்தைக் குழுவினர் முன்வைத்தனர். பிஸ்டோரியஸ் அதை எதிர்த்தார். அறிவிக்கப்பட்டிருந்த செய்தியாளர் சந்திப்பு கடைசி நேரத்தில் ரத்தானது. இறுதிச் சட்டத்தில், எல்லா ஆண்களுக்கும் பரிசோதனை என்ற பிஸ்டோரியஸின் நிலைப்பாடு இடம்பெற்றது. அதேவேளை, பிற்காலத்தில் கட்டாயச் சேவை கொண்டுவரப்பட்டு, தகுதியுள்ளோர் தேவையைவிட அதிகமாக இருந்தால், இறுதி வழியாகக் குலுக்கலைப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டுள்ளது.

குலுக்கல் என்ற சொல் பலரைத் துணுக்குறச் செய்தது இயல்பே. ஆனால், அது டென்மார்க்கில் நீண்ட காலமாக நடைமுறையில் உள்ளது. எவரது சிபாரிசும் செல்லாது என்பதால் அதுவே நியாயமானது எனக் கருதுவோரும் உண்டு. தகுதியின் அடிப்படையில் தேர்ந்தெடுத்தால், உடல்நலமும் ஊக்கமும் உள்ளவர் மட்டுமே சுமையை ஏற்க வேண்டியிருக்கும். மருத்துவச் சான்றிதழுக்கு வழி தெரிந்தவர் தப்பிவிடுவார்.

பெண்களைப் பற்றிய கேள்வி சட்டரீதியாகவே முட்டுச்சந்தில் நிற்கிறது. 12ஏ பிரிவின்படி ஆண்களுக்கு மட்டுமே கட்டாயச் சேவை விதிக்க முடியும். பெண்களை ஆயுதம் ஏந்தும் பணிக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. நார்வே 2015-இலும், ஸ்வீடன் மீண்டும் தொடங்கியபோதும் இருபாலருக்கும் பொதுவாக்கிவிட்டன. டென்மார்க் 2025 ஜூலை முதல் பெண்களையும் குலுக்கலில் சேர்த்துள்ளது. ஜெர்மனியில் இதைச் செய்ய அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டும். அதற்கு மூன்றில் இரு பங்கு ஆதரவு, அதாவது 630 உறுப்பினர்களில் 420 பேர் தேவை. ஆளும் கூட்டணிக்கு இருப்பது 328.

மனசாட்சியின் இடம்

ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராதவரைப் போர்ப் பணிக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஜெர்மன் அரசியல் சாசனத்தின் 4-ஆவது பிரிவிலேயே உள்ள அடிப்படை உரிமை. நாஜி ஆட்சியில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் கொல்லப்பட்ட வரலாற்றிலிருந்து பிறந்த உரிமை அது. நடைமுறையில் அது எளிதாகக் கிடைக்கவில்லை. நீண்ட காலம், விண்ணப்பித்த இளைஞர் ஒரு குழுவின் முன் நேரில் நின்று தன் மனசாட்சியை நிரூபிக்க வேண்டியிருந்தது. கிழக்கு ஜெர்மனியில் அந்த உரிமையே இல்லை. மறுத்தவர்களுக்கு 1964 முதல், ஆயுதமின்றி மண்வெட்டியுடன் கட்டுமானப் பணி செய்யும் தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டது. அங்கு பணியாற்றியவர்களின் எதிர்காலக் கல்வி வாய்ப்புகள் பெரும்பாலும் பாழாயின.

மேற்கில், ராணுவத்துக்குப் பதிலாக ‘சிவில் சேவை’ 1961-இல் தொடங்கியது. முதியோர் இல்லங்கள், மருத்துவமனைகள், மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளிகள், ஆம்புலன்ஸ் சேவைகள் என எங்கும் இந்த இளைஞர்கள் காணப்பட்டனர். 1980-களின் பிற்பகுதியில் ராணுவச் சேவை 15 மாதம் என்றால் சிவில் சேவை 20 மாதம். முதலில் பயந்தாங்கொள்ளிகள் என்று ஏசப்பட்டவர்கள், பின்னர் சமூக நலத்துறையின் முதுகெலும்பானார்கள். 2011 வரை 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தச் சேவையை முடித்தனர். கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தும் முடிவு வந்தபோது, படைத்தளபதிகளைவிட அதிகமாகப் பதறியவர்கள் முதியோர் இல்ல நிர்வாகிகள் என்பது இந்த வரலாற்றின் விசித்திரம்.

கட்டாயச் சேவை திரும்பினால், மனசாட்சி உரிமையும் மாற்றுச் சேவையும் சேர்ந்தே திரும்பும். சட்டம் நிறைவேறிய டிசம்பர் 5 அன்று, ஜெர்மனியின் பல நகரங்களில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வீதிக்கு வந்தனர். அவர்கள் எழுப்பிய கேள்விகளில் போர் அச்சம் மட்டுமல்ல, தலைமுறைக் கணக்கும் இருந்தது. பள்ளிப் பருவத்தைப் பெருந்தொற்று விழுங்கியது. பருவநிலை மாற்றத்தின் சுமையும் ஓய்வூதியச் செலவின் சுமையும் தங்கள் தலையில். இப்போது ராணுவமும் தங்களுக்குத்தானா என்கின்றனர் அவர்கள். வாக்காளர்களில் பெரும் பகுதியினர் சேவைக்கு அழைக்கப்படும் வயதைக் கடந்தவர்களாக உள்ள நாட்டில், இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கணக்கில் வராத செலவு

கட்டாயச் சேவை மலிவானது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பட்ஜெட்டை மட்டும் பார்த்தால் அது உண்மை. ஆனால், வேலையில் சேர்ந்து ஊதியம் பெற வேண்டிய அல்லது படிப்பை முடிக்க வேண்டிய இளைஞரின் ஓராண்டு, அரசின் கணக்கேட்டில் ஏறுவதில்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் இதை இளைஞர்கள் மீது மட்டும் விதிக்கப்படும் மறைமுக வரி எனக் கருதினார். அவர் இடம்பெற்ற குழுவின் பரிந்துரை, 1973-இல் அமெரிக்கா கட்டாயச் சேவையைக் கைவிட வழிவகுத்தது. எனினும், 1980 முதல் அங்கும் 18 முதல் 25 வயது வரையிலான ஆண்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும்.

ஜெர்மன் நிதியமைச்சகத்துக்காக மியூனிக்கின் இஃபோ ஆய்வு நிறுவனம் 2024-இல் இந்தச் செலவைக் கணக்கிட்டது. ஒரு வயதுப் பிரிவினரில் 5 சதவீதத்தினரை மட்டும் அழைத்தால் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு சுமார் 300 கோடி யூரோ இழப்பு. கால் பங்கினரை அழைத்தால் 1,700 கோடி. அனைவரையும் அழைத்தால் ஏறத்தாழ 7,000 கோடி யூரோ, அதாவது தேசிய வருமானத்தில் 1.6 சதவீதம். இளைஞர்களைக் கட்டாயப்படுத்துவதற்குப் பதிலாக, கவர்ச்சியான ஊதியம் கொடுத்துச் சேர்ப்பது மொத்தத்தில் மலிவு என்பது அந்த ஆய்வின் முடிவு. 2,600 யூரோ ஊதியம் என்ற அறிவிப்பின் பின்னால் உள்ள தர்க்கமும் இதுவே.

மற்ற நாடுகள்

ஜெர்மனி முன்மாதிரியாகப் பார்ப்பது ஸ்வீடனை. 2010-இல் கட்டாயச் சேவையை நிறுத்திய அந்நாடு, தன்னார்வலர் போதாமல் 2017-இல் மீண்டும் கொண்டுவந்தது. 18 வயதை எட்டும் அனைவருக்கும் படிவம் அனுப்பி, ஒரு பகுதியினரைப் பரிசோதித்து, ஆண்டுக்குச் சில ஆயிரம் பேரை மட்டும் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலும் விருப்பமும் தகுதியும் உள்ளவர்களே தேர்வாவதால், அங்கு அந்தச் சேவை வேலைவாய்ப்புச் சந்தையில் மதிப்புமிக்க தகுதியாகவும் பார்க்கப்படுகிறது. ஆனால், சமூகத்தில் ராணுவம் பற்றிய மதிப்பீடு ஸ்வீடனில் வேறு, ஜெர்மனியில் வேறு. படிவத்தை நகலெடுத்துவிடலாம்; அந்த மனநிலையை நகலெடுக்க முடியாது.

கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட அதிர்ச்சியில் லிதுவேனியா 2015-இலேயே கட்டாயச் சேவைக்குத் திரும்பியது. லாட்வியா 2023-இல் சட்டம் இயற்றியது. குரோஷியா இரண்டு மாத அடிப்படைப் பயிற்சியைக் கட்டாயமாக்க 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. பின்லாந்து ஒருபோதும் கைவிடவே இல்லை. பிரான்ஸ் அதிபர் இமானுவல் மேக்ரான் 2025 நவம்பரில் 10 மாதத் தன்னார்வச் சேவையைத்தான் அறிவித்தார்; கட்டாயத்தைத் தவிர்த்துவிட்டார். ரஷ்ய எல்லைக்கு எவ்வளவு அருகில் ஒரு நாடு உள்ளதோ, அவ்வளவு கடுமையாக அதன் சட்டம் இருப்பதை வரைபடத்தைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

இந்தியர்களுக்கு என்ன தொடர்பு?

ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடத்தில் உள்ளனர். 2024-25 குளிர்காலப் பருவத்தில் அவர்களின் எண்ணிக்கை சுமார் 59,000. மாணவர் விசாவிலோ பணி விசாவிலோ அங்குள்ள இந்தியக் குடிமக்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஜெர்மன் குடியுரிமை பெற்றவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் பொருந்தும். அந்நாட்டில் குடியேறி, குடியுரிமை பெற்ற இந்தியக் குடும்பத்தில் 2008-இலோ அதற்குப் பிறகோ பிறந்த ஜெர்மன் குடிமகன் எனில், அவரது பெயருக்கும் அந்தக் கடிதம் வரும். 1967 முதல் கட்டாயத் தேசியச் சேவையை நடத்திவரும் சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. அங்கு குடிமக்கள் மட்டுமன்றி, நிரந்தரவாசிகளின் மகன்களும் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும்.

இந்தியாவைப் பொறுத்தவரை, கட்டாய ராணுவச் சேவை ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் பேரைக் கொண்ட இந்தியப் படையும் தன்னார்வலர்களால் ஆனதே. அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு, பொது நோக்கங்களுக்காகக் கட்டாயச் சேவை விதிக்க அரசுக்கு இடமளிக்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது என்பதே நிபந்தனை. 1962 போருக்குப் பின், கல்லூரி மாணவர்களுக்கு என்சிசி பயிற்சி கட்டாயமாக்கப்பட்டு, 1968-இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. இதுவே இந்தியா அந்தத் திசையில் சென்ற அதிகபட்ச தூரம்.

இங்குள்ள பிரச்சினை ஜெர்மனியின் பிரச்சினைக்கு நேர் எதிரானது. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில், நான்கு ஆண்டுகளுக்குப் பின் 25 சதவீதத்தினருக்கு மட்டுமே நிரந்தரப் பணி. அதற்கு எதிராகப் பல மாநிலங்களில் இளைஞர்கள் வீதியில் இறங்கினர். தங்களை ராணுவத்துக்கு அனுப்பாதீர்கள் என்பதற்காக அல்ல, அங்கிருந்து நான்கே ஆண்டுகளில் வெளியே அனுப்பாதீர்கள் என்பதற்காக. அந்தச் சர்ச்சைக்கிடையிலும் விமானப்படையின் முதல் சுற்று ஆள்சேர்ப்புக்கு மட்டும் ஏறத்தாழ 7.5 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. ஜெர்மனி தன் முழுப் படைக்கும் நிர்ணயித்துள்ள இலக்கைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அது.

அடுத்து என்ன?

ஆள்சேர்ப்பு எந்த அளவில் உள்ளது என்பது குறித்து ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சகம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் அறிக்கை அளிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் படைபலம் எட்ட வேண்டிய அளவுகள் சட்டத்திலேயே குறிப்பிடப்பட்டுள்ளன. ஆளும் கூட்டணியின் பெரிய கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியில் பலர், தன்னார்வ முறை போதாது என்று இப்போதே கூறிவருகின்றனர். கூட்டணியின் மற்றொரு கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி, அதற்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. 2008-இல் பிறந்தவர்கள் நிரப்பும் படிவங்களின் எண்ணிக்கையும், அவற்றில் விருப்பம் உண்டு என்ற கட்டத்தில் குறியிடுவோரின் விகிதமுமே இரு தரப்புக்குமான முதல் சோதனை. முழு வயதுப் பிரிவினருக்குமான உடற்தகுதிப் பரிசோதனை 2027 ஜூலையில் தொடங்குகிறது.